கண்ணுக்குப் புலப்படாத புகை
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நான் மருத்துவம் பயின்றவன் அல்லேன். இரயில்வே அலுவலகத்தில் கோப்பும் கணக்கும் பார்த்துவரும் குமாஸ்தா. எனினும், நாள்தோறும் நாம் இழுத்துவிடும் மூச்சைப் பற்றிப் பேசுவதற்குப் பட்டம் தேவையில்லை என்னும் துணிவில் உங்கள்முன் நிற்கின்றேன்.

நாம் பிழைக்க வந்த இந்நகரம் புகையோடு போராடிய வரலாறு நீண்டது. கல்கத்தாவுக்கும் ஹவுராவுக்கும் எனப் புகைத் தொல்லைச் சட்டம் ஒன்று 1863-இல் இயற்றப்பெற்றது. பின்னர் 1905-இல் வங்காளப் புகைத் தொல்லைச் சட்டம் வந்தது. ஆலைகளின் புகைபோக்கிகள் கக்கிய கரும்புகையே அச்சட்டம் கண்ட பகை. கண்ணுக்கு எவ்வளவு கறுப்பாகத் தெரிந்ததோ, அதுவே குற்றத்தின் அளவுகோல் ஆயிற்று.

இன்று அக்கரும்புகை பெரிதும் குறைந்துவிட்டது. மாலைதோறும் நிலக்கரி உனூன்கள் மூட்டிய புகை, குளிர்காலத்தில் மேலெழ வழியின்றித் தெருவிலேயே கவிந்து நின்ற கதையை முதியோர் சொல்லக் கேட்கின்றோம். அகல இருப்புப்பாதையில் நீராவி எஞ்சின்களின் ஓட்டம் 1995-இல் முடிந்தது. நம் சமையலறைகளுக்கு எரிவாயு வந்துவிட்டது. சுவரில் கரி படிவதில்லை. வேட்டியில் கரித்தூள் ஒட்டுவதில்லை. ஆதலின் காற்று தூய்மையாகிவிட்டது என்று எண்ணுகின்றோம். அன்பர்களே, இவ்வெண்ணமே பேராபத்து!

பெருந்தூசியை மூக்கின் மயிரும் சளியும் தடுத்துவிடும். 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகளோ தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ 30-இல் ஒரு பங்கே. அது காவலைக் கடந்து நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை செல்லும். மிக நுண்ணியவை குருதியிலும் கலக்கும். இருமலும் இரைப்பும் மட்டுமல்ல, மாரடைப்பும் பக்கவாதமும் இதனால் பெருகும். 2013-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, வெளிக்காற்றின் மாசைப் புற்றுநோய்க் காரணிகளின் வரிசையில் சேர்த்தது. ஒரு கன மீட்டர் காற்றில் இத்துகளின் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்று அந்நிறுவனம் 2021-இல் அறிவித்தது. நம் நாட்டில் 2009-இல் வகுத்த வரம்போ 40. சட்டம் நிறைவேறினும் நெஞ்சு நிறைவடையாது என்பது இதனால் விளங்கும்.

1952 டிசம்பரில் இலண்டனில் ஐந்து நாள் கவிந்த புகைமூட்டத்தைப் பலர் வழக்கமான மூடுபனி என்றே எண்ணினர். ஆயிரக்கணக்கானோர் மாண்டது, பின்னர் இறப்புக் கணக்கைக் கூட்டியபோதே வெளிப்பட்டது. கண்ணால் காண்பதும் பொய் என்று நம் முன்னோர் சொன்னது வீணன்று.

தெருவை விடுத்து வீட்டுக்குள் வருவோம். ஒரு கொசுவத்திச் சுருள் எரிந்து முடிவதற்குள் விடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் விடுவதற்கு ஈடாகும் என்று 2003-இல் வெளியான ஆய்வு ஒன்று கூறுகின்றது. புகைபிடிக்காத தந்தையர் பலர், குளிருக்கு அஞ்சிக் கதவைச் சாத்திய அறையில், உறங்கும் குழந்தையின் தலைமாட்டில் அதனைக் கொளுத்தி வைக்கின்றோம்!

ஆகவே, நம் காலனியார்க்குச் சில வேண்டுகோள்கள். சுருளை விடுத்துக் கொசுவலை கட்டுங்கள். சாம்பிராணி போடும்போது சன்னலைத் திறந்து வையுங்கள். தாளிக்கும் வேளையில் அடுப்படிச் சன்னலும் திறந்திருக்கட்டும். நாளெல்லாம் அங்கு நிற்பவர் நம் தாய்மார் அல்லரோ? சருகையும் குப்பையையும் மைதானத்தில் கொளுத்த விடாதீர்கள். ஓய்வுபெற்ற பெரியவர்கள் மார்கழி விடியலில் ஏரிக்கரைக்கு உலாவச் செல்லாமல், வெயில் ஏறியபின் செல்லுங்கள். விடியலில் மாசு தரையை ஒட்டியே தங்கி நிற்கும். இருமல் இரண்டு வாரத்துக்குமேல் நீடித்தால் தூசி என்று தள்ளாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நகரத்துக் காற்றை நாம் ஒருவராய் மாற்ற இயலாது. ஆனால் நம் வீட்டுக் காற்றும் நம் மைதானத்துக் காற்றும் நம் கையில் உள்ளன. அவற்றையேனும் காப்போம்.