கொடுமுடிக் கோகிலம்

(சங்க ஆண்டு விழாவின் மாதர் அரங்கில், நாகர்கோவிலில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்றைக் கூட்டத்தில் எப்பொருள் பற்றிப் பேசப்போகிறீர்கள் என்று காரியதரிசியவர்கள் கேட்டபோது, நாடக மேடையிற் பாடி வாழ்ந்த ஒரு பெண்மணியைப் பற்றி என்றோம். அவர் சற்று மௌனமாயிருந்து, 'நம் சங்கத்து மேடைக்கு அது பொருந்துமா?' என்று வினவினார். வினாவில் தவறொன்றுமில்லை. இன்றைய நிகழ்ச்சி நிரலில் ஐந்தாவது தீர்மானமாக நிற்பதும் ஏறக்குறைய அவ்வினாவே. நம் கல்வி நிதியிலிருந்து இதுகாறும் மருத்துவமும் பொறியியலும் பயில்வோர்க்கே உதவி அளித்து வந்தோம். இசையும் நடிப்பும் பயில விழையும் நம் பெண்மக்கட்கும் அதனை அளிக்கலாமா என்பது தீர்மானம். அதன்மேல் வாதம் எழுமுன், ஸ்ரீமதி கே. பி. சுந்தராம்பாள் அம்மையாரின் வரலாற்றைச் சிறிது நினைவூட்ட விரும்புகிறோம்.

முதற்கண் எம் வீட்டுச் செய்தி ஒன்று. எம் தாய்வழிப் பாட்டா பெருங் கட்டுப்பாடுடையவர். ஆயினும் சங்கீதப் பிரியர். வீட்டுக் கூடத்தில் மேசைமேல் ஒரு கிராமபோன் பெட்டி வீற்றிருந்தது. இரவு உணவு முடிந்ததும் சாவி திருகி, கிட்டப்பாவின் தட்டு ஒன்று, சுந்தராம்பாளின் தட்டு ஒன்று என மாறி மாறி வைத்துக் கேட்பது அவர் வழக்கம். எம் சின்னம்மை அடுக்களையிலிருந்தே அப்பாட்டுக்களைக் கற்றுக்கொண்டாள். பதினான்கு வயதில் ஒருநாள், விருந்தினர் இருப்பதறியாது நடையில் நின்று வாய்விட்டுப் பாடிவிட்டாள். 'கூத்தாடப் போகிறாயோ?' என்ற ஒரு சொல்லே பாட்டா கூறியது. அதன்பின் அவள் பாடக் கேட்டவர் எவருமில்லை என்று எம் அன்னையார் சொல்வார். பாட்டைக் கற்பித்த பெட்டி மட்டும் கூடத்திலேயே இருந்தது. தட்டுக்களும் மேன்மேலும் வாங்கப்பெற்றன.

நிற்க.

சுந்தராம்பாள் 1908-ஆம் ஆண்டு காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் பிறந்தார். நம் நாட்டு நகைச்சுவை மன்னர், ஒழுகினசேரி தந்த என். எஸ். கிருஷ்ணன் பிறந்ததும் அவ்வாண்டிலேயே. அம்மையாரின் இளமை வறுமையிற் கழிந்தது. தந்தையின் ஆதரவின்றி, தாயார் பாலாம்பாள் மக்களை வைத்துக்கொண்டு அல்லலுற்றார். புகைவண்டியிற் பாடிப் பொருள் பெற்ற அச்சிறுமியின் குரலை, இரயில்வே அதிகாரியும் திருச்சிராப்பள்ளியில் நாடகம் வளர்த்தவருமான எப். ஜி. நடேசய்யர் கேட்டு வியந்து, வேலு நாயரின் நாடகக் கம்பெனியிற் சேர்ப்பித்தார் என்பது அவர் வரலாற்றைக் கூறுவோர் அனைவரும் தொடங்கும் இடம். நாகர்கோவிலில் வாழ்ந்த நம் முன்னோர் இரயிலைக் காண வெளியூருக்குத்தான் செல்லவேண்டும். நம் ஊருக்கு அது வந்து சேர்ந்தது 1979-ல். நாடகக் கம்பெனிகளும் இசைத்தட்டுக்களும் அதற்கு நெடுங்காலம் முன்னரே வண்டிப் பாதையால் வந்துவிட்டன.

கம்பெனியில் அவருக்குக் கிடைத்த முதல் வேடம் ஆண்குழந்தை வேடம். நல்லதங்காளின் மூத்த மகன். பசியால் வருந்தி அன்னையிடம் அழும் அக்குழந்தையாக நடிக்க அவருக்கு எவரும் கற்பித்திருக்க வேண்டுவதில்லை என்று எண்ணுகிறோம்.

அக்காலத்து மேடையின் இயல்பை இளைஞர் பலர் அறியார். ஆதலின் அதைப்பற்றிச் சிறிது விரித்துக் கூறல் வேண்டும். பெண் வேடத்தை ஆடவர் புனைவதே பெரும்பான்மை வழக்கு. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் நிறுவிய பாலர் சபை போன்ற கம்பெனிகளில் வள்ளியும் சாவித்திரியும் மீசை அரும்பாத சிறுவர்களே. பின்னாளில் நம் நாகர்கோவிலோடு ஒன்றிவிட்ட டி. கே. எஸ். சகோதரர்கள் அச்சபையில் வளர்ந்தவர்கள். கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களையே கொண்டு ஒரு குழு நடத்தியதுண்டு; அஃது அரிய விலக்கு.

இவற்றிற்கு அப்பால் 'ஸ்பெஷல் நாடகம்' என்று ஒன்றிருந்தது. இதிற் கம்பெனி இல்லை, ஒத்திகையும் இல்லை. ஓரூரிலிருந்து வேலன் வருவார், மற்றோரூரிலிருந்து வள்ளி வருவார், ஹார்மோனியக்காரர் வேறோரிடத்திலிருந்து வருவார். அன்றிரவுதான் ஒருவரையொருவர் மேடையிற் சந்திப்பர். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி ஆகிய நாடகங்களின் பாட்டும் வசனமும் அனைவர்க்கும் மனப்பாடம். ஆனால் எதிரி எந்த இராகத்தில் எடுப்பார், எவ்விடத்தில் மடக்கிக் கேள்வி போடுவார் என்பது எவர்க்கும் தெரியாது. இரவு பத்து மணிக்குத் தொடங்கிப் பொழுது புலரும்வரை நடைபெறும். ஒலிபெருக்கி இல்லை, கடைசி வரிசையில் மண்தரையில் அமர்ந்திருப்பவன் காதுக்கும் ஒவ்வோர் எழுத்தும் எட்டவேண்டும். எட்டாவிடின் அவன் எழுந்து கூவுவான்.

தினைப்புனக் காட்சியில் வேலனும் வள்ளியும் நிகழ்த்தும் வாதத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஆயிரம் ஆடவர் நடுவே ஒரு பெண் நின்று, ஒரு கேள்விக்கு உடனுக்குடன் விடையிறுத்து, மறுகேள்வி விடுத்து, பாட்டுக்குப் பாட்டு எடுத்து நின்றாள். 1920-களில் நம் வீட்டுப் பெண்கள் நடைக்கு வந்து அயலாரோடு பேசுதலும் அரிது. கல்வியும் நினைவாற்றலும் சொல்வன்மையும் உடல்வலிமையும் ஒருங்கே வேண்டிய அத்தொழிலை இழிதொழில் என்று நாம் சொல்லி வந்தது வியப்பே. அதனை எளிய தொழில் என்று சொல்ல எவராலும் இயலாது.

அம்மேடையில்தான் சுந்தராம்பாள் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவைச் சந்தித்தார். சந்தித்த இடம் கடல் கடந்த கொழும்பு. கிட்டப்பா நமக்கு அயலாரல்லர். செங்கோட்டை அந்நாளில் நம்மைப் போலவே திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1-ஆந் தேதி நம் நான்கு தாலுகாக்களும் தமிழகத்தோடு இணைந்தபோதுதான் செங்கோட்டையும் இணைந்தது. கன்னையா கம்பெனியின் தசாவதாரத்தாற் பெயர் பெற்றிருந்த கிட்டப்பாவின் குரல் மேல் ஸ்தாயியில் மின்னலெனப் பாயும். அவருக்கு முன் நின்று பாடவல்லார் அரியர். கொழும்பில் இவ்விளம்பெண் தாழாது பாடி நின்றார். 1927-ல் மாயவரத்தில் இருவரும் மணந்துகொண்டனர். இருவர் பெயரும் ஒருங்கே அச்சிட்ட நோட்டீசு கண்டவுடன் கொட்டகை நிறைந்தது.

கிட்டப்பாவுக்கு ஏற்கனவே மனைவியார் இருந்தனர். இதனையே எம் இளமையில் முதியோர் சிலர் இகழ்ச்சியாகக் கூறக் கேட்டிருக்கிறோம். கூறியவர்கள் எந்நாட்டார்? தேரூர்க் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையவர்கள் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' பாடிய நாட்டார். அந்நூலின் கணவர் பெயர் பஞ்சகலியாணிப் பிள்ளை. அழுது கதை சொல்பவள் அவருடைய ஐந்தாம் மனைவி. கணவன் மறைந்தபின் மனைவியும் மக்களும் ஏதுமற்று நிற்கும் முறையை மாற்ற 1926-ல் தனிச் சட்டமே பிறந்தது. மணமேடையில் நாம் நெடுங்காலம் செய்ததை நாடக மேடைக்காரர் ஒருவர் செய்தபோது மட்டும் நமக்குக் கண் கூசியது. கிட்டப்பா செய்தது சரியென்று யாம் வாதிக்கவில்லை. அதனால் நேர்ந்த துன்பம் பெரிதும் பெண்கள் இருவர் தலையிலேயே விழுந்தது. சுந்தராம்பாளுக்குப் பிறந்த மகவும் சின்னாளில் மாய்ந்தது. கணவரோடு வாழ்வும் பிணக்கும் பிரிவுமாய்க் கழிந்தது.

1933 டிசம்பர் 2-ஆந் தேதி கிட்டப்பா காலமானார். அவருக்கு வயது 27, அம்மையாருக்கு 25. வெண்ணிற ஆடை உடுத்தார், நகை துறந்தார், இனி எந்த ஆடவரோடும் இணைந்து நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார்.

காதலியாக நடிப்பதே பெண்ணுக்குரிய பிழைப்பாயிருந்த தொழிலில் இவ்வுறுதி தொழிலையே விடுவதற்கு ஒப்பாகும். அவ்வாறே பலரும் எண்ணினர். அம்மையாரோ நந்தனாராக மேடையேறினார்! ஆண் வேடம், அடியார் வேடம், இணை வேண்டாத வேடம். குழந்தைப் பருவத்தில் ஆண்வேடத்தோடு தொடங்கியவர் விதவையானபின் மீண்டும் ஆண்வேடம் பூண்டு, தம் விரதத்தையும் காத்துத் தம் தொழிலையும் காத்தார். அதனைத் திரைப்படமாக்க அசன்தாஸ் என்னும் முதலாளி வந்து வற்புறுத்தியபோது, மறுக்கும் பொருட்டே இலட்சம் ரூபாய் கேட்டார் என்றும், அவர் உடனே இசைந்துவிட்டார் என்றும் கூறுவர். 1935-ல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்தில் மகாராஜபுரம் விசுவநாதய்யர் வேதியராக நடிக்க, அவர் முன் பண்ணையாளாகக் கைகட்டி நின்றவர் ஒரு பெண். அப்படத்துக்கு அம்மையார் பெற்ற இலட்சம் ரூபாய், அந்நாளில் ஆடவரான நடிகர்களும் பெற்றறியாத தொகை.

காங்கிரஸ் மேடைகளில் அவர் பாடியதும், 1951-ல் சென்னை மேல்சபை உறுப்பினரானதும், 1970-ல் பத்மஸ்ரீ பெற்றதும், 'துணைவன்' படப் பாட்டுக்குத் தேசிய விருது பெற்றதும், 1980-ல் மறைந்ததும் யாவரும் அறிந்தவை, விரிக்க வேண்டுவதில்லை. 1953-ல் வெளிவந்த 'ஔவையார்' படத்தைப் பற்றி மட்டும் சொல்லியாகவேண்டும். அதற்கு முன் பத்தாண்டுகளாக ஔவையார் என்றால் மேடையில் டி. கே. சண்முகம்தான், அவ்வேடத்தாலேயே 'ஔவை சண்முகம்' எனப் பெயரும் பெற்றார். கிழவியாக ஆடவர் ஒருவர் நடித்ததை நாம் கலைத்திறம் என்று கொண்டாடினோம். பெண்ணே ஔவையாய் வந்தபோது, நம் நாட்டுத் தாய்மார் அதனைக் கலை என்றுகூட எண்ணவில்லை, வழிபாடாகவே கொண்டனர். ஔவைக்குக் கோயில் எடுத்த நாடன்றோ இது!

அப்போது எமக்கு ஏழு வயது. பாட்டாவே அந்தப் படத்துக்கு வீட்டார் அனைவரையும் அழைத்துச் சென்றார். படம் முடிந்து வீடு திரும்பியதும், எவரும் எதிர்பாராத வண்ணம் அவர் சின்னம்மையைக் கூப்பிட்டு, 'அந்தப் பாட்டை நீ ஒருதரம் பாடு, கேட்போம்' என்றார். சின்னம்மைக்கு அப்போது முப்பது வயது கடந்துவிட்டது. இரு மக்களின் தாய். அவள் தலை நிமிராமல், 'குரல் போயிற்று அப்பா' என்றாள். பாட்டா வேறொன்றும் கேட்கவில்லை. அன்று பெட்டிக்குச் சாவியும் திருகவில்லை.

அடுத்த தை மாதத்துச் செவ்வாய்க்கிழமை இரவு எம் வீட்டில் ஔவை நோன்பு. தையிலும் மாசியிலும் ஆடியிலும் நம் பெண்டிர் உப்பில்லாக் கொழுக்கட்டை அவித்துக் கொண்டாடும் அந்நோன்பில் ஆண்மக்கள் கண்படலாகாது என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆண்பிள்ளையாதலின் எம்மையும் பாட்டாவோடு தெருத் திண்ணையிற் படுக்க வைத்துவிட்டனர். நள்ளிரவில் விழித்தோம். அடைத்த கதவுகட்கு அப்பாலிருந்து ஒரு குரல் எழுந்து, கூரையைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. அயல்வீட்டார் அறியப் பாடும் குரல்; மூச்சு முட்டாத குரல். முதலில் யாரோ தட்டு வைத்திருக்கிறார்கள் என்றே எண்ணினோம். திரும்பிப் பார்த்தபோது பாட்டா பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தார். பாட்டு ஓயும்வரை அவர் அசையவில்லை. விடிந்தபின் அதுபற்றி எவரிடமும் ஒரு சொல்லும் பேசவில்லை.

சின்னம்மை மறைந்து பல்லாண்டாயிற்று. அவள் பாடிய பாட்டு எதுவும் எவ்விடத்தும் பதிவாகவில்லை. பாட்டாவின் தட்டுக்களுள் உடையாது எஞ்சிய ஒன்றையும், அப்பெட்டியையும் இன்று கொண்டுவந்திருக்கிறோம். தட்டில் கீறல் உண்டு, நடுவில் இரண்டிடத்தில் ஊசி தாண்டும், பொறுத்தருள்க. தலைவர் அனுமதியளித்தால், இளைஞர் ஒருவர் வந்து சாவி திருகட்டும். மூன்று நிமிடந்தான். அதன்பின் ஐந்தாவது தீர்மானத்தை எடுத்துக்கொள்ளலாம்.