குமிழி அரிக்கும் எஃகு



நம் வீட்டு விளக்கை எரிக்கும் மின்சாரத்தில் ஆற்று நீருக்கும் ஒரு பங்கு உண்டு. பேராக் ஆற்றின் செண்டரோ நிலையம் 1930-இல் இயங்கத் தொடங்கியது. திரெங்கானுவில் 400 மெகாவாட் ஆற்றலுடைய கென்யிர் நிலையம் 1985-இல் நிறைவுற்றது. இத்தகைய நிலையங்களில் நீரின் விசை டர்பைன் என்னும் சுழலியைச் சுற்றுகிறது. அச்சுழலியின் எஃகு இதழ்களை அரிக்கும் பகை எது தெரியுமா? வெறும் நீர்க்குமிழியே!

நீர் 100 டிகிரி வெப்பத்தில் கொதிக்கும் என்பதை நாம் அறிவோம். ஆயினும் அழுத்தம் மிகக் குறைந்தால், அது குளிர்ந்த நிலையிலேயே கொதிக்கும். இதழின் மீது நீர் விரைந்து பாயும் சில இடங்களில் அழுத்தம் அவ்வாறு குறைந்து, நீராவிக் குமிழிகள் தோன்றுகின்றன. அவை அழுத்தம் மிகுந்த இடத்தை அடைந்ததும் நொறுங்குகின்றன. ஒவ்வொரு நொறுங்கலும் சிறு சம்மட்டி அடியாகும். கோடிக்கணக்கான அடிகள் விழவே, எஃகு கடற்பஞ்சுபோல் துளைபடுகிறது.

இதனைப் பழுதுபார்ப்போர் முதலில் மதகுகளை அடைத்து, உள்ளிருக்கும் நீரை வெளியேற்றுகின்றனர். மேலே ஏரி நிறைந்து நிற்க, கீழே சுழலியினுள் மனிதர் பணிபுரிகின்றனர். ஆகவே மதகைப் பூட்டி, அதனை எவரும் திறவாதவாறு காப்பது முதற்கடமை. பின்னர், அரிபட்ட பகுதியை நல்ல எஃகு தென்படும்வரை சுரண்டி எடுக்கின்றனர். சாயத் திரவம் பூசி, மறைந்த வெடிப்பு உண்டா எனச் சோதிக்கின்றனர். அதன்மேல் துருப்பிடிக்கா எஃகைச் சிறிது சிறிதாகப் பற்றவைக்கின்றனர். ஒரே இடத்தில் வெப்பம் மிகுந்தால் இதழ் கோணிவிடும்; ஆதலின் இடம் மாற்றி மாற்றிப் பற்றவைப்பர்.

குழி நிரம்பினால் மட்டும் போதாது. பால்மரத்தில் கத்தி ஆழமாகப் பாய்ந்து காயப்பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்வதையும், அங்கே மறுபடி வெட்டுவது கடினமாவதையும் நாம் கண்டிருக்கிறோம். இதழிலும் அவ்வாறே. மேடு எஞ்சினால் நீரோட்டம் குலைந்து, அதனருகே மீண்டும் குமிழி எழும். எனவே மூல வடிவத்தின் அளவுத் தகட்டை வைத்துப் பார்த்துப் பார்த்து, வழவழப்பாகத் தேய்க்கின்றனர்.

சுழலியைத் தகுந்த அளவுக்கு மீறியோ குறைத்தோ நெடுநேரம் ஓட்டினாலும் குமிழி பெருகும். அக்காரணத்தைக் களையாவிடில், எத்தனை முறை பற்றவைத்தாலும் குழி திரும்பவே செய்யும்.

பழுதைச் சிறிதாயிருக்கும்போதே காண்போம், காரணமறிந்து களைவோம், செம்மையாக முடிப்போம். ஆலைக்கும் தோட்டத்திற்கும் பொதுவான நெறி இதுவே.