வாய்பேசா உயிரின் வலி



தாமிரபரணிக் கரையில் வெளுத்த துணிமூட்டைகளைச் சுமந்தவை கழுதைகள். 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எஞ்சியவை ஏறத்தாழ 1.2 இலட்சம், ஏழாண்டுகளில் நூற்றுக்கு 61 குறைந்தன.

கழுதை வலியை எளிதில் வெளிக்காட்டாது. குதிரை துடித்துப் புரளும் நோயிலும் அது தலை தாழ்த்தி, தீனியை மறுத்து நிற்பதோடு அமையும். அதனை வலியின்மை எனக் கொள்வது பெரும்பிழை.

குட்டி ஈன இயலாது தவிக்கும்போதும், கருப்பை வெளித்தள்ளும்போதும், வாலடிப் புண்ணைத் தைக்கும்போதும், கால்நடை மருத்துவர் தண்டுவட உறைக்கு வெளியே மரத்துப்போகச் செய்யும் மருந்தைச் செலுத்துவர். வாலை மேலும் கீழும் அசைத்து, வாலெலும்புகளின் இடைவெளியை விரலால் உணர்ந்து ஊசியிடுவர். குதிரைக்கு முதல் இடைவெளி. கழுதைக்குப் பெரும்பாலும் இரண்டாவதே எளிது. லிக்னோகெயின் சிறிதளவே போதும். வாலும் பின்புறமும் மரத்திருக்க, விலங்கு நின்றபடியே இருக்கும். அளவு மிகின் பின்னங்கால்கள் தளர்ந்து வீழும். மேலும், சில வலிநீக்கிகளைக் கழுதையின் உடல் குதிரையினும் விரைவில் கழித்துவிடுவதால், அவற்றைக் குறுகிய இடைவெளியில் மீண்டும் அளித்தல் வேண்டும்.

கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றல், உணவும் நீரும் தடுத்தல் என ஐந்து அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரம் கொல்லாமை அணுவிரதத்திற்குக் கூறும். கழுதையின் வாழ்வில் ஐந்தும் நிகழ்வதுண்டு. உயிர்காக்கும் கத்தியும், உணர்விருக்கக் கட்டிவைத்து அறுப்பின், துன்பமே தரும்.

திருநெல்வேலி இராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி உள்ளது. சுமைக்கழுதை வளர்ப்போர் பெரும்பாலும் எளியோர். நோயுற்ற விலங்கை அங்குக் கொண்டுசெல்லும் வண்டிச் செலவை ஏற்பதும் அபயதானமே.

அறம் வளர்க.