மழை ஜலமும் வீட்டுக் கணக்கும்



புதுவயலைச் சுற்றியுள்ள செட்டிநாட்டுப் பூமியில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. ஆவணி முதல் கார்த்திகை வரை வானம் அளிப்பதைக் கொண்டே மற்ற மாதங்களையும் கழிக்கவேண்டும். இதை நன்கு அறிந்திருந்த முன்னோர், வீடு கட்டும்போதே ஜலத்திற்கும் வழி வகுத்தனர். நாட்டு ஓடு வேய்ந்த கூரைகள் உள்முற்றத்தை நோக்கிச் சரிந்திருக்கும். முதல் மழையை, ஓட்டிலுள்ள தூசியும் பறவை எச்சமும் கழுவிப் போகும்படி விட்டுவிடுவர்; பின்பு விழும் ஜலத்தைத் துணியால் வடிகட்டி அண்டாக்களிலும் கிடாரங்களிலும் பிடித்து மூடிவைப்பர். மிஞ்சியது வாய்க்கால் வழியே தெருவிற்கும், அங்கிருந்து ஊருணிக்கும் சென்று சேரும். ஊருணியில் நின்ற ஜலம் ஊறிச் சுற்றுவட்டாரத்துக் கிணறுகளுக்கு உதவும்.

1,000 சதுர அடிக் கூரையின்மீது 1 அங்குல மழை பெய்தால் ஏறக்குறைய 2,360 லிட்டர் ஜலம் விழுகிறது. பத்து அங்குலம் பெய்தால் 23,600 லிட்டர். சேதாரம் கால் பங்கு போனாலும் எஞ்சுவது அற்பமன்று. காசுக்குக் காசு பேரேடு எழுதிய ஊரில், இந்த வரவு மட்டும் பதியப்படாமலே சாக்கடைக்குப் போகிறது. ஆழ்குழாய்க் கிணற்றிற்காகக் கடன் வாங்குவோர் பலர். கூரையிலிருந்து விழுவதை அளந்து பார்த்தோர் சிலரே.

தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டில் எல்லாக் கட்டிடங்களிலும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அவ்வமயம் கூழாங்கல்லும் மணலும் இட்டு வெட்டப்பட்ட குழிகளில் மண் அடைத்துக்கொண்டால், ஜலம் உள்ளே இறங்காது. மேல்மணலை வாரிக் கழுவித் திரும்ப இடுவது இருவருக்கு அரைநாள் வேலை. ஆனால் ஒருமுறை வெட்டியதோடு கடமை தீர்ந்ததென்று பலர் எண்ணுகின்றனர்.

பூட்டிய வீடுகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. யுனெஸ்கோ ஸ்தாபனத்தின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014-இல் சேர்க்கப்பட்டன. பார்க்க வருவோர் பர்மாத் தேக்கையும் ஆத்தங்குடிக் கல்லையும் வியக்கின்றனர். முற்றத்து மூலையிலுள்ள ஜலதாரையைக் குனிந்து பார்ப்பாரில்லை. வீடு ஒன்று, பங்காளிகள் பலர்; அவர்களும் பல ஊர்களில் இருக்கின்றனர். ஓடு உடைந்தால் யார் மாற்றுவது, வாய்க்கால் அடைத்தால் யார் கூலி கொடுப்பது என்ற கேள்விக்கு விடை கிடைப்பதற்குள் மழைக்காலம் கடந்துவிடுகிறது. முற்றத்தில் தேங்கிய ஜலம் சுவரின் அடியில் இறங்கிச் சுண்ணாம்புப் பூச்சை அரிக்கிறது. உபகாரம் செய்யவேண்டியது அபகாரம் செய்கிறது.

இதற்கு வழியும் இங்கேயே உள்ளது. கோயில் காரியங்களுக்குப் புள்ளிக்கு இவ்வளவு என்று வரி வைத்து வசூலிப்பது நகரத்தார் வழக்கம். தெருவிலுள்ள எல்லா வீட்டாரும், எவ்வகுப்பினராயினும், அம்முறையிலேயே வீட்டுக்கு ஒரு தொகை சேர்த்து, தெரு வாய்க்காலையும் ஊருணியின் வரத்துக்காலையும் தூர் வாரலாம். தொகையை ஒருவர் வசம் ஒப்பிக்காமல் இருவர் கையெழுத்தில் வைத்து, செலவைக் கோயில் வாசலில் எழுதி ஒட்டுவது உத்தமம்; சந்தேகம் எழுந்தால் மறுவருஷம் யாரும் கொடார். வெளியூரிலுள்ள பங்காளிகளுக்கு ஆனி மாதத்திலேயே கடிதம் எழுதிவிட்டால், ஆடி முடிவதற்குள் வேலையைத் தொடங்கலாம்.