மாத்திரையை ஒளிக்க வேண்டாம், பயத்தைப் பேசுவோம்

(தோட்ட மாதர் சங்கங்களின் கூட்டத்தில் எமது மாதர் பிரிவின் சார்பில் ஆற்றிய உரை)



நாம் கூடினால் சம்பளம், கொழுந்துக் கழிவு, லயத்துக் கூரை என்று பேசுவதுதான் வழக்கம். இன்று எலும்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். கடந்த மாதங்களில் நாங்கள் லயம் லயமாகப் போனபோது அடிக்கடி கண்ட ஒரு விஷயம் எங்களை இங்கே பேச வைத்திருக்கிறது. கிளினிக்கில் எலும்புக்குக் கொடுத்த மாத்திரைகள், பிரிக்கப்படாத அட்டைகளாகவே சாமிப் படத்துக்குப் பின்னாலும் தகரப் பெட்டிக்குள்ளும் இருக்கின்றன. கேட்டால், "அத குடிச்சா தாடை அழுகிப் போகுமாம்", "வயிறு புண்ணாகுமாம்", "தொட எலும்பு தானா ஒடையுமாம்" என்கிறார்கள். இந்தப் பயத்தைச் சிரித்துத் தள்ள நாங்கள் வரவில்லை. அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு கதை என்று பிரித்துப் பார்ப்போம்.

முதலில் நோயைப் பார்ப்போம். டொக்டர்மார் இதை ஒஸ்டியோபொரோசிஸ் என்கிறார்கள். எலும்பு நலிவு என்று நாம் சொல்லலாம். முழங்கால் மூட்டு தேய்ந்து வலிப்பது வேறு நோய். எலும்பு நலிவில் எலும்பின் உள்ளே கறையான் அரித்த பலகை போல ஓட்டை விழுந்து பலம் குறைகிறது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இது வேகமாக நடக்கிறது. கர்ப்பப்பையோடு சூலகத்தையும் எடுத்தவர்கள், ஆஸ்துமாவுக்கும் வேறு நோய்களுக்கும் பல மாதம் பிரெட்னிசோலோன் குடித்தவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

எலும்பு உடையும் வரை இந்த நோய் வலிக்காது. படியில் சறுக்கிக் கையை ஊன்றினால் மணிக்கட்டு போகும், விழுந்தால் இடுப்பு போகும். முதுகெலும்பு நசுங்குவது பல நேரம் நமக்கே தெரியாது. வயதான அம்மாமார் கூன் விழுந்து உயரம் குறைந்து போனால், "கூடை தூக்கின முதுகு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம். அந்தக் கூனுக்குள் உடைந்த முள்ளெலும்பு இருக்கக் கூடும்.

அடுத்து மருந்து. நம் கிளினிக்குகளில் பெரும்பாலும் கொடுப்பது அலென்ட்ரோனேட். 70 மில்லிகிராம் மாத்திரை, வாரத்துக்கு ஒன்று. இதில் ஒரு சிக்கல் உண்டு. பனடோல் குடித்தால் தலைவலி நிற்பது தெரிகிறது. பிரஷர் மாத்திரை குடித்தால் அளந்து பார்க்கலாம். எலும்பு மாத்திரை குடித்தால் எதுவும் தெரியாது. உடையாமல் இருக்கிற இடுப்பை யார் கவனிக்கிறார்கள்? பலன் கண்ணுக்குத் தெரியாது, நெஞ்சு எரிந்தால் மட்டும் உடனே தெரியும். அதனால்தான் இந்த மருந்தைப் பற்றிய பயம் சீக்கிரம் பரவுகிறது.

இப்போது ஒவ்வொரு பயமாக எடுப்போம்.

முதலாவது வயிறும் நெஞ்செரிச்சலும். இது உண்மை. இந்த மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாக்கும். ஆனால் குடிக்கும் முறையைச் சரியாகப் பிடித்தால் இந்த ஆபத்தைப் பெரிதும் குறைக்கலாம். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், ஒரு பெரிய கிளாஸ் வெறும் தண்ணீரோடு விழுங்க வேண்டும். மெல்லவோ வாயில் வைத்துக் கரைக்கவோ கூடாது. அதன் பிறகு குறைந்தது 30 நிமிடம் சாப்பாடும் வேறு மருந்தும் வேண்டாம். முக்கியமாக, தேத்தண்ணி வேண்டாம். அந்த 30 நிமிடமும், பிறகு முதல் சாப்பாடு சாப்பிடும் வரையும், படுக்கக் கூடாது. நிற்கலாம், நடக்கலாம், நிமிர்ந்து உட்காரலாம். கல்சியம் மாத்திரை இருந்தால் அதை அன்று வேறு நேரத்துக்குத் தள்ள வேண்டும். சேர்த்துக் குடித்தால் எலும்பு மாத்திரை உடம்பில் சேராது.

நம் காலை எப்படிப்பட்டது என்று எங்களுக்குத் தெரியும். விடிய முன்னரே எழும்பி, அடுப்பு மூட்டி, தேத்தண்ணி குடித்து, பிள்ளைகளை அனுப்பி, பிரட்டுக்களத்துக்கு ஓட வேண்டும். அந்த அவசரத்தில் தேத்தண்ணியோடு விழுங்கினால் மருந்தும் வேலை செய்யாது. ஆகவே வேலையில்லாத நாளை மாத்திரை நாளாக வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒன்றுதானே, ஞாயிற்றுக்கிழமை குடிக்கலாம். கலண்டரில் அடையாளம் போட்டு வையுங்கள். மறந்துவிட்டால் அடுத்த நாள் காலையில் ஒன்று குடித்துவிட்டு, பிறகு பழைய கிழமைக்கே திரும்புங்கள். ஒரே நாளில் இரண்டு வேண்டாம்.

இரண்டாவது தாடை. இதுவும் கட்டுக்கதை இல்லை. பல் பிடுங்கிய இடம் ஆறாமல் தாடையெலும்பு வெளியே தெரியும் நிலை சிலருக்கு வந்திருக்கிறது. ஆனால் அப்படி வந்தவர்களில் பெரும்பாலானோர் புற்றுநோய்க்காக இதே வகை மருந்தை ஊசியாக, மிகக் கூடிய அளவில் பெற்றவர்கள். எலும்பு நலிவுக்குக் கொடுக்கும் அளவில், வருடத்துக்கு 10,000 முதல் ஒரு இலட்சம் பேருக்கு ஒருவர் என்ற அளவிலேயே இது கணக்கிடப்பட்டிருக்கிறது. வெற்றிலையும் புகையிலையும் போட்டு, பல்லைக் கவனிக்காமல் விடும் வழக்கம் நம்மிடம் இருப்பதால், நாம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மருந்து தொடங்க முன்னர் பல் கிளினிக்குக்குப் போய் வாயைக் காட்டுங்கள். பிடுங்க வேண்டிய பல் இருந்தால் முதலில் பிடுங்கி, புண் ஆறிய பின் மருந்தைத் தொடங்கலாமா என்று கேளுங்கள். ஏற்கெனவே மருந்து குடிப்பவர்கள் பல் டொக்டரிடம் அதைச் சொல்லுங்கள். பல்லைச் சுத்தம் செய்வதற்கும் அடைப்பதற்கும் பயப்பட வேண்டியதில்லை.

மூன்றாவது தொடை எலும்பு. இதில் ஒளிவுமறைவில்லாமல் பேச வேண்டும், ஏனென்றால் ஆசியப் பெண்களான நமக்கு இது மற்றவர்களைவிடக் கூடுதலாக வருகிறது. அமெரிக்காவில் தெற்குக் கலிபோர்னியாவில் 50 வயதும் அதற்கு மேலும் உள்ள 1 இலட்சத்து 96 ஆயிரம் பெண்களின் விபரங்களைப் பார்த்து எழுதிய ஆய்வொன்று 2020 இல் வெளிவந்தது. அதன் கணக்குப்படி ஆசிய வம்சாவளிப் பெண்கள் 10,000 பேர் இந்த வகை மருந்தை 3 வருடம் குடித்தால், 91 பேருக்கு இடுப்பு உடைவது தடுக்கப்படுகிறது. 8 பேருக்கு மருந்தோடு தொடர்புடைய அந்தத் தொடை முறிவு வருகிறது. வெள்ளையினப் பெண்களில் இதே கணக்கு 149க்கு 2. நமக்கு இலாபம் குறைவு, நட்டம் கூடுதல் என்றாலும், 91ஐயும் 8ஐயும் தராசில் வைத்தால் எந்தத் தட்டு இறங்கும் என்பது கொழுந்து நிறுத்துப் பழகிய நமக்குத் தெரியும்.

மருந்து குடிக்கும் வருடங்கள் கூடக் கூட இந்தத் தொடை முறிவின் ஆபத்தும் கூடுகிறது, நிறுத்திய பின் வேகமாகக் குறைகிறது. அதனால்தான் மாத்திரையை ஏறத்தாழ 5 வருடம் குடித்த பின், தொடர வேண்டுமா, கொஞ்சக் காலம் நிறுத்தி வைக்கலாமா என்று டொக்டர்மார் பார்க்கிறார்கள். உங்கள் கிளினிக் கொப்பியில் தொடங்கிய திகதியைத் தெளிவாக எழுதி வையுங்கள். 5 வருடம் கடந்தும் யாரும் கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். தொடையிலோ கவட்டிலோ புதிதாக மந்தமான வலி வந்து போகாமல் இருந்தால், அதைக் கொழுந்து மலை ஏறிய வலி என்று விட்டுவிடாமல் உடனே போய்ச் சொல்லுங்கள். இந்த முறிவு பல நேரம் முன்கூட்டியே இப்படி வலி காட்டும்.

மறுபக்கத்தையும் பார்ப்போம். ஏற்கெனவே முதுகெலும்பு உடைந்திருந்த 2,027 பெண்களிடம் அலென்ட்ரோனேட்டைச் சோதித்து 1996 இல் முடிவு வெளியிட்டார்கள். வெறும் மாத்திரை குடித்தவர்களில் 100க்கு 15 பேருக்கு 3 வருடத்துக்குள் முதுகெலும்பு மறுபடியும் உடைந்தது. மருந்து குடித்தவர்களில் 100க்கு 8 பேருக்கு. இடுப்பு முறிவும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இடுப்பு உடைந்தால் என்ன நடக்கும் என்பதை நாம் லயத்திலேயே கண்டிருக்கிறோம். கொல்லைக்குப் போகவும் ஒருவர் தாங்க வேண்டும். மகள் வேலையை விட்டு வீட்டில் நிற்க வேண்டும், அந்த வீட்டில் ஒரு பெயர் செக்ரோலில் இருந்து போகும். படுக்கையில் விழுந்தவர் எழும்பாமலே போவதும் உண்டு.

ஊசி மருந்துகளும் இருக்கின்றன. வருடத்துக்கு ஒரு முறை ஏற்றும் சோலெட்ரோனிக் அசிட் ஊசிக்குப் பின், முதல் தடவை சிலருக்குக் காய்ச்சலும் உடம்பு வலியும் வரும். அது மூன்று நாள் அளவில் போய்விடும், பனடோல் உதவும். 6 மாதத்துக்கு ஒரு முறை போடும் டெனோசுமாப் ஊசி வேறு மாதிரி. அதைச் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்தினால் எலும்பு வேகமாகப் பலம் இழந்து, முதுகெலும்புகள் பல உடையலாம். அந்த ஊசி போடுபவர்கள் திகதியைத் தவறவிடக் கூடாது. வேண்டாம் என்றால் அதற்குப் பதில் என்ன என்று டொக்டரிடம் கேட்டுத் தீர்த்த பிறகே நிறுத்த வேண்டும்.

இந்த மருந்துகள் ஒத்துவராதவர்களும் உண்டு. சிறுநீரகம் மிகவும் பலவீனமானவர்கள், உணவுக்குழாயில் கோளாறு உள்ளவர்கள், அரை மணி நேரம் நிமிர்ந்து இருக்க முடியாதவர்கள், இரத்தத்தில் கல்சியம் குறைந்தவர்கள் டொக்டரிடம் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். விழுங்கும்போது நெஞ்சு வலித்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ, தாடை வலித்துப் பல் ஆடினாலோ அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்கக் கூடாது.

சகோதரிகளே, மாத்திரையை ஒளித்து வைப்பதில் உள்ள பெரிய ஆபத்து, டொக்டருக்கு அது தெரியாமல் போவதுதான். நீங்கள் குடிப்பதாக நினைத்து அவர் எழுதிக்கொண்டே போவார். வேறு மருந்து தர வாய்ப்பிருந்தும் தர மாட்டார். நாம் வேலைநிறுத்தம் செய்தால் கோரிக்கையை மேசையில் வைத்துவிட்டுத்தான் செய்கிறோம். மருந்தை நிறுத்த நினைத்தாலும் காரணத்தை மேசையில் வையுங்கள். "டொக்டர், எனக்கு இந்த மருந்துக்குப் பயமா இருக்கு" என்று சொல்வதில் வெட்கம் எதுவும் இல்லை. எனக்கு எலும்பு உடைய எவ்வளவு வாய்ப்பு, எத்தனை வருடம் குடிக்க வேண்டும், ஒத்துவராவிட்டால் வேறு என்ன இருக்கிறது என்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

கேட்பது எளிதல்ல என்பதும் எங்களுக்குத் தெரியும். ஓர் ஆஸ்பத்திரியில் மருந்து உறையில் ஆங்கிலத்தில் மட்டும் எழுதிக் கொடுத்ததையும், கேள்வி கேட்ட அம்மாவை அடுத்த ஆளுக்கு இடம் விடச் சொன்னதையும் நாங்கள் அறிவோம். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. மருந்து குடிக்கும் முறையைத் தமிழில் கேட்டு அறிவது நம் உரிமை. ஆகவே எமது சங்கம் மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறது. தோட்ட மருந்தகங்களில் இந்த மருந்தைக் குடிக்கும் முறை தமிழில் எழுதி ஒட்டப்பட வேண்டும். கிளினிக் நாளில் போகும் தொழிலாளிக்குப் பெயர் வெட்டக் கூடாது. லயத்துப் படிகளுக்குக் கைப்பிடியும், கொல்லைப் பாதைக்கு வெளிச்சமும் வேண்டும். விழாமல் இருந்தால் உடையாமல் இருக்கலாம், எந்த மாத்திரையும் வழுக்கும் படியைத் திருத்தாது.

நெத்தலி, குரக்கன், எள்ளு, கீரை, முடிந்தால் பால், இவற்றைச் சாப்பாட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். மருந்து குடித்தாலும் இவை தேவை. ஆனால் ஒரு முறை எலும்பு உடைந்தவருக்குச் சாப்பாடு மட்டும் போதாது.

மாதர் சங்கத் தலைவிமார்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறோம். உங்கள் டிவிஷனில் எலும்பு மாத்திரை எழுதிக் கொடுக்கப்பட்ட அம்மாமார் வீடுகளுக்குப் போங்கள். ஏன் குடிக்கவில்லை என்று அதட்டாதீர்கள். என்ன பயம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த கிளினிக் நாளில் அந்த அம்மாவோடு ஒருவர் துணைக்குப் போய், மீதி மாத்திரை அட்டையையும் அந்தக் கேள்விகளையும் டொக்டரிடம் காட்டுங்கள். கேட்ட பிறகும் ஓர் அம்மா வேண்டாம் என்று முடிவெடுத்தால் அது அவருடைய உரிமை. அந்த முடிவு கிளினிக் கொப்பியில் பதிவாக வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

நீங்கள் கொண்டுவரும் கேள்விகளை அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்வோம்.