குளத்தில் இறங்குமுன்: நம் நீர்நிலைகளும் நம் பிள்ளைகளும்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற சுகாதாரக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 



ஒரு வைத்தியரை மேடைக்குக் கூப்பிட்டால் சீனி வருத்தம், பிரஷர், கொலஸ்ட்ரோல் என்றுதான் தொடங்குவார் என்று எல்லோரும் எதிர்பார்ப்பது வழக்கம். அவற்றைப் பற்றி நாம் நிறையவே பேசிவிட்டோம். இன்று தண்ணீரைப் பற்றிப் பேசலாம்.

கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் நாம். பெரியநீலாவணையிலிருந்து பொத்துவில் வரை நம் ஊர்கள் எல்லாமே இப்படித்தான் அமைந்திருக்கின்றன. தோணாவும் களியோடையும் கோணாவத்தை ஆறும் இறக்காமம் குளமும் இல்லாமல் நமக்கு வாழ்வு இல்லை. பெருநாள் முடிந்த மறுநாள் வேனைப் பிடித்து இங்கினியாகலைக்கோ நாமல் ஓயாவுக்கோ போகாத குடும்பம் குறைவு. டோஹாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் லீவில் வரும் பிள்ளைகள் முதலில் கேட்பதும் குளத்தில் குளிக்கப் போவோமா என்றுதான். அந்த ஆசையில் பிழை இல்லை. ஆனால், கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாத சில விடயங்கள் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

முதலாவது, எலிக்காய்ச்சல்.

பெயரைக் கேட்டதும் இது எலி கடித்து வருவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எலி, மாடு, நாய் போன்றவற்றின் சிறுநீரில் வெளியேறும் லெப்டோஸ்பைரா என்ற பற்றீரியா நீரிலும் சேற்றிலும் பல நாட்கள் உயிரோடு இருக்கும். காலில் உள்ள சிறு வெடிப்பு, ஊறிய தோல், கண், மூக்கு, வாய் வழியாக அது உடலுக்குள் போகிறது. 2008ஆம் ஆண்டு இலங்கையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு இந்தக் காய்ச்சல் இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்டுப் பதிவானது. அதை வயல்காரரின் நோய் என்று ஒதுக்கிவிடவும் கூடாது. 1998இல் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்ட் ஏரியில் நீந்திய விளையாட்டு வீரர்களில் சுமார் நூறு பேர் நோயுற்றனர். 2000ஆம் ஆண்டு மலேசியாவின் சபா மாநிலத்தில் நடந்த சாகசப் போட்டியில், பின்னர் விசாரிக்கப்பட்ட 189 பேரில் 80 பேருக்கு நோய்க்குறிகள் இருந்தன. செகாமா ஆற்றில் நீந்தியதே முக்கிய காரணம் என்று கண்டறியப்பட்டது. இவர்கள் எல்லோரும் திடகாத்திரமான உடல் கொண்டவர்கள்.

குளித்து ஐந்து முதல் பதினான்கு நாட்களில், சில வேளை அதற்குப் பிந்தியும், திடீர்க் காய்ச்சல், தலையிடி, கெண்டைக்காலைத் தொட்டாலே வலிக்கும் தசைநோவு, கண் சிவப்பு ஆகியவை வரும். கவனிக்காமல் விட்டால் கண் மஞ்சளாகும், சிறுநீர் குறையும், சிறுநீரகமும் ஈரலும் நுரையீரலும் பழுதாகும். ஆரம்பத்தில் வந்தால் சாதாரண அன்டிபயோட்டிக் போதும். ஆனால் நம்மவர்கள் மூன்று நாள் பெனடோல் போட்டுப் பார்த்து, நான்காம் நாள் பாமசியில் குளிசை வாங்கி, ஆறாம் நாள்தான் வைத்தியசாலைக்கு வருகிறார்கள். வந்தாலும், குளத்தில் குளித்ததை யாரும் சொல்வதில்லை. நாங்கள் கேட்டால், “அது போன கிழமை டொக்டர்” என்பார்கள். அந்தப் போன கிழமைதான் எங்களுக்கு வேண்டிய தகவல். அதை நீங்களாகவே முதலில் சொல்லுங்கள்.

இரண்டாவது, மெலியோயிடோசிஸ். இந்தப் பெயரைப் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். மண்ணிலும் வயல் நீரிலும் வாழும் ஒரு பற்றீரியாவால் வரும் நோய் இது. இலங்கையில் 1927இலேயே ஒரு நோயாளி பதிவாகியிருந்தும், நெடுங்காலம் இது இங்கு அரிய நோய் என்றே கருதப்பட்டது. பேராதனை, கொழும்புப் பல்கலைக்கழக நுண்ணுயிரியல் பேராசிரியைகளான வசந்தி தேவநேசன், ஏனோகா கொரயா ஆகியோரின் முயற்சியால்தான், தேடிப் பார்த்தால் இது நாடெங்கும், கிழக்கிலும் இருக்கிறது என்பது தெரியவந்தது. இரண்டு பெண்களின் உழைப்பு அது. மாணவிகளே, இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த நோயை நாம் ஏன் கவனிக்க வேண்டும்? சீனி வருத்தக்காரரையே இது அதிகம் தேடிப் பிடிக்கிறது. நம் ஊரில் சீனி இல்லாத குடும்பம் எது? நியூமோனியா போல, ஆறாத சீழ்க்கட்டி போல, ஈரலில் கட்டி போல, இரத்தத்தில் கிருமி போல, பல வேடங்களில் இது வரும். வழக்கமாகக் கொடுக்கும் பல அன்டிபயோட்டிக்குகள் இதற்கு வேலை செய்யாது. இரத்தத்தையோ சீழையோ வளர்ப்புப் பரிசோதனைக்கு அனுப்பித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு ஊசி மருந்தும், மாதக்கணக்கில் குளிசையும் தேவை. சீனி உள்ள உம்மாமாரும் வாப்பாமாரும் காலில் புண்ணோடு சேற்று நீரில் இறங்கக் கூடாது என்று நாங்கள் சொல்வது இதனால்தான். வயலுக்குப் போவது தவிர்க்க முடியாதென்றால் பூட்ஸ் போடுங்கள்.

மூன்றாவது, மூக்கு வழியாகப் போகும் அமீபா. நெக்ளேரியா ஃபௌலரி என்பது அதன் பெயர். சூடேறிய நன்னீரில் வாழ்வது. அந்தத் தண்ணீரைக் குடித்தால் இந்த நோய் வராது. ஆனால் பாயும்போதோ முழுகும்போதோ மூக்குக்குள் நீர் பலமாக ஏறினால், அது மணநரம்பு வழியாக மூளைக்குச் சென்றுவிடும். கடும் தலையிடி, காய்ச்சல், சத்தி, கழுத்து விறைப்பு என்று தொடங்கிச் சில நாட்களில் உயிரைப் பறிக்கும். மிக அரிது, ஆனால் வந்தவர்களில் தப்பியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். கேரளாவில் அண்மைக்காலமாக இது தொடர்ந்து பேசப்படுகிறது. 2024இல் கோழிக்கோடு மாவட்டத்தில் பதினான்கு வயதுப் பையன் ஒருவன் உயிர் பிழைத்தான். வீட்டாரும் வைத்தியர்களும் ஆரம்பத்திலேயே சந்தேகித்து மருந்து தொடங்கியதே அதற்குக் காரணம். கேரளாவின் வெயிலும் குளங்களும் நம்முடையவை போன்றவைதாம்.

இதில் நமக்கு இன்னொரு செய்தியும் உண்டு. கராச்சியில் 2008-2009 காலத்தில் இந்நோய் கண்ட 13 பேரில் பெரும்பாலானோர் நீந்தவே இல்லை. வுழூவின்போது மூக்குக்கு நீர் செலுத்தியதன் மூலம் அது போயிருக்கலாம் என்று வைத்தியர்கள் எழுதினார்கள். ஆகவே குளத்திலோ ஆற்றிலோ வுழூச் செய்ய நேர்ந்தால் மூக்கை மென்மையாக நனையுங்கள், உள்ளே இழுக்காதீர்கள். பள்ளிவாசல் ஹவுழையும் வீட்டு நீர்த்தாங்கியையும் ஒழுங்காகக் கழுவிக் குளோரின் இடுவதும் இதில் அடங்கும்.

சிறிய தொல்லைகளைச் சுருக்கமாகச் சொல்கிறோம். குளித்த பின் வரும் காதுவலிதான் மிகச் சாதாரணமானது. காதுச்சவ்வில் ஓட்டை உள்ள பிள்ளைகள் தலை முழுகக் கூடாது. பச்சைப் பெயின்ற் ஊற்றியதுபோல் குளத்தின் மேல் படலம் தெரிந்தால் அது நீலப்பச்சை அல்காவாக இருக்கலாம். வயல் உரம் வழிந்து சேரும் குளங்களில் இது பெருகும். சில இனங்களின் நஞ்சு ஈரலைத் தாக்கும். அங்கே குளிக்கவும் வேண்டாம், ஆட்டுக்கும் மாட்டுக்கும் காட்டவும் வேண்டாம். குளக்கரைப் புல்லில் புடையன், அதாவது கண்ணாடி விரியன், படுத்திருக்கும். தண்ணீரில் நெளியும் பாம்புகளில் பெரும்பாலானவை நஞ்சற்றவை. கரையில் வெறுங்காலோடு நடப்பதுதான் கூடுதல் ஆபத்து.

இனி முதலை.

இலங்கையில் இரண்டு வகை முதலைகள் உண்டு. ஒன்று குளங்களில் வாழும் சதுப்பு முதலை. மற்றது களப்பு, ஆற்றுமுகம், சதுப்பு நிலங்களில் வாழும் உவர்நீர் முதலை. இது இன்னும் பெரியது, இன்னும் ஆபத்தானது. நம் பக்கத்தில் இரண்டுமே உண்டு. மாவடிப்பள்ளி, கிட்டங்கி, களியோடைப் பக்கத்தவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. 2017 செப்டம்பரில் அறுகம்பைக்கு அருகே களப்போரம் சென்ற ஓர் இளம் பிரித்தானியப் பத்திரிகையாளரை முதலை இழுத்துச் சென்றது. அவர் சுற்றுலாவுக்கு வந்தவர்.  லீவில் வரும் நம் பேரப்பிள்ளைகளும் அவரைப் போலத்தான். ஊர்ப் பிள்ளைக்குத் தெரிந்தது அவர்களுக்குத் தெரியாது.

முதலை துரத்தி வருவதில்லை, காத்திருக்கும். ஆற்றுவாழைக்கும் சல்வீனியாவுக்கும் அடியில் மூக்கும் கண்ணும் மட்டும் தெரிய நிற்கும். தினமும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் யார் வருகிறார்கள் என்று அதற்குப் பழகிவிடும். அந்தியும் இரவும் விடியலும் அதன் நேரம். முழங்கால் ஆழம்தானே என்பது பாதுகாப்பு அல்ல. கரையோரம்தான் அது பிடிக்கும் இடம். நாம் செய்யும் ஒரு காரியம் அதை ஊருக்குள்ளேயே அழைக்கிறது. கோழிக்கடைக் கழிவையும் குர்பான் கழிவையும் உரப்பையில் கட்டிப் பாலத்திலிருந்து ஆற்றுக்குள் எறிகிறோம். ஊட்டி வளர்த்துவிட்டு, முதலை பெருகிவிட்டது என்று முறைப்படுகிறோம். முதலையைக் கொல்வது சட்டப்படி குற்றம். கொன்றாலும், இரை இருக்கும் இடத்துக்கு இன்னொன்று வரும். தெற்கே மாத்தறையில் நில்வளா கங்கையோரம் மரக்கம்புகளை நெருக்கி நட்டு, வேலி அடைத்துக் குளிப்பிடம் செய்திருக்கிறார்கள். அதை நம் குளங்களிலும் செய்யலாம். செலவு பெரிதல்ல.

முதலை கடித்தால் அழுத்திப் பிடித்து இரத்தத்தை நிறுத்துங்கள், காயத்தைச் சுத்தமான நீரால் கழுவுங்கள், காயம் சிறிதென்றாலும் வைத்தியசாலைக்கு வாருங்கள். அதன் வாய்க் கிருமிகளுக்கு மருந்தும் ஏற்பு ஊசியும் தேவை.

ராத்தாமாரே, இவ்வளவும் சொன்ன பிறகு, “அப்படியென்றால் பெண் பிள்ளைகளைத் தண்ணீர்ப் பக்கமே விடக்கூடாது” என்று நீங்கள் முடிவெடுத்தால் இந்த உரை வீணாகிவிடும். ஏனென்றால் எலிக்காய்ச்சலையும் முதலையையும்விட நம்மிடமிருந்து அதிகம் பேரைப் பறிப்பது மூழ்குதல்தான். 2021இல் உலகில் சுமார் மூன்று இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை. நமக்குப் புள்ளிவிபரமும் தேவையில்லை. 2004 டிசம்பர் 26ஐ நாம் மறக்கவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். இந்த மண்டபத்தில் அன்று யாரையும் இழக்காதவர் சிலரே. பல இடங்களில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் இறந்ததற்கான காரணங்களை ஒக்ஸ்பாம் நிறுவனம் 2005இல் எழுதியபோது, இலங்கையில் நீந்தவும் மரமேறவும் ஆண் பிள்ளைகளுக்கே பெரும்பாலும் கற்பிக்கப்படுகிறது என்று ஒரு வரி இருந்தது. 2024 நவம்பர் 26இல் காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியை வெள்ளம் மூடியபோது, உழவு இயந்திரத்தில் வந்த மத்ரஸா மாணவர்களை இழந்தோம். வெள்ளம் நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. தண்ணீர்ப் பக்கம் போகாத பிள்ளையையும் அது தேடி வரும்.

அதனால் பிள்ளைகளைத் தடுப்பதைவிடக் கற்பிப்பதே நம் வேலை. சில விடயங்களை வீட்டில் எழுதி ஒட்டுங்கள்:

ஊரவரிடம் கேட்காமல் எந்த நீரிலும் இறங்காதீர்கள். தனியாக, அந்தி சாய்ந்த பின், வெள்ளம் வடிந்த முதல் நாட்களில் இறங்காதீர்கள்.

காலில் புண் இருந்தால் கரையில் நில்லுங்கள். குளித்த பின் நல்ல நீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

அபாயாவோடும் நீண்ட ஷோலோடும் ஆழத்துக்குப் போகாதீர்கள். நனைந்த துணி காலைச் சுற்றி இழுக்கும். உடலை மறைக்கும் நீச்சல் உடை இப்போது கடைகளில் இருக்கிறது.

யாராவது மூழ்கினால் பின்னால் பாயாதீர்கள். ஷோலையோ கயிறையோ தடியையோ எறியுங்கள், காலிக் கேனை எறியுங்கள். ஒருவரைக் காப்பாற்றப் போய் மூவர் இறந்த மையித்து வீடுகளுக்கு நாம் போயிருக்கிறோம்.

கரைக்கு எடுத்தவரைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றாதீர்கள், வயிற்றை அமுக்காதீர்கள். மூச்சில்லை என்றால் முதலில் ஐந்து முறை வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். பிறகு முப்பது முறை நெஞ்சை அழுத்தி இரண்டு முறை ஊதுவது என்று, உதவி வரும்வரை தொடருங்கள். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம்.

ஆபத்தான நேரத்தை வயல் வேலை செய்வோர் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். தேவையானோருக்கு எலிக்காய்ச்சலைத் தடுக்கும் டொக்சிசைக்கிளின் குளிசை அங்கே இலவசமாகக் கிடைக்கும். நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அது பொதுவாகக் கொடுப்பதில்லை.

வெளிநாட்டில் வாழும் தங்கச்சிமாருக்கு ஒரு வார்த்தை. இங்கிலாந்திலும் கனடாவிலும் வெயில் நாளில்கூட ஏரி நீர் கடுங்குளிராக இருக்கும். திடீரெனக் குதித்தால் மூச்சுத் திணறி, நீந்தத் தெரிந்தவரும் மூழ்குவார். மலாவி ஏரி போன்ற ஆபிரிக்க ஏரிகளில் நத்தைகள் வழியாக பில்ஹார்சியா என்ற புழு நோய் வரும். அங்கு போய் வந்தால் உங்கள் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

கடைசியாக, நம் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாக என்ன செய்யலாம் என்று நிருவாகக் குழு கேட்டிருக்கிறது. நுழைவாயிலில் ஒரு வளைவு கட்டலாம் என்ற யோசனை வந்திருப்பதாகக் கேள்விப்பட்டோம். வளைவு அழகுதான். ஆனால் அந்தப் பணத்தின் ஒரு பங்கை எடுத்து, பெண் பயிற்றுநரோடு, மறைப்புள்ள நீச்சல் தடாகத்தில், ஆண்டுதோறும் ஒரு வகுப்பு மாணவிகளுக்கு நீந்தவும் மிதக்கவும் முதலுதவி செய்யவும் கற்பித்தால் என்ன? பத்து ஆண்டில் நம் ஊரில் நீந்தத் தெரிந்த உம்மாமார் ஒரு தலைமுறை இருப்பார்கள். அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுப்பார்கள். இந்தப் பாடசாலை நமக்குக் கணக்கும் விஞ்ஞானமும் கற்றுத் தந்தது இப்படித்தான், ஒரு வகுப்பிலிருந்து அடுத்த வகுப்புக்கு.

அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக.  கேள்விகள் இருந்தால் தேநீர் வேளையில் பேசுவோம்.