‘இல்லை’ என்றால் இல்லைதான்

மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் நிரல்களை கிட்ஹப், கிட்லேப் போன்ற தளங்களில் சேர்த்து வைக்கிறார்கள். அங்கே ஒரு கோப்பைத் திறந்து ‘ஹிஸ்டரி’யை அழுத்தினால், யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற பட்டியல் வரும். சில சமயம் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், பட்டியல் வராது.

இந்தத் தளங்களின் அடியில் ஓடுவது 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய ‘கிட்’ என்னும் மென்பொருள். அதில் ‘கமிட்’ எனப்படும் ஒவ்வொரு பதிவும் அந்த நேரத்தில் மொத்தத் திட்டமும் இருந்த நிலையைக் குறிக்கும். எந்தக் கோப்பு மாறியது என்ற பட்டியல் அதில் கிடையாது. முந்தைய கமிட்டோடு ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். லினக்ஸ் கெர்னலில் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் கமிட்டுகள்!

எங்கள் திட்டத்தில் ஒரு லைசென்ஸ் கோப்பு. முதல் நாள் சேர்த்தது, பிறகு யாரும் தொடவில்லை. அதன் வரலாறு வரத்தான் அதிக நேரம் ஆகும். தினமும் மாறும் கோப்புக்கு முதல் பக்கம் சட்டென்று நிரம்பிவிடும். இதற்கோ அடிவரை தோண்ட வேண்டும். “ஒத்தை வரிக்கா சார் இவ்வளவு நேரம்?” என்றார் புதிதாகச் சேர்ந்த பெண். நியாயமான கேள்விதானே, நேயர்களே?

பதில் 1970லேயே இருந்தது. பர்ட்டன் புளூம் என்பவர் அந்த ஆண்டு எழுதிய கட்டுரையில் ஆங்கிலச் சொற்களை வரிக்கடைசியில் பிரிக்கும் வேலையை உதாரணம் காட்டினார். பெரும்பாலான சொற்களுக்கு எளிய விதியே போதும். மற்றவற்றுக்குத்தான் அகராதியைத் தேட வேண்டும். எதற்குத் தேவையில்லை என்பதை ஒரு சின்ன பிட் வரிசையே சொல்லிவிட்டால்?

அதே உத்தி 2020இல் கிட் 2.27க்குள் வந்தது. கமிட்டில் மாறிய ஒவ்வொரு கோப்பின் பெயரையும் கணக்கிட்டு, அந்தக் கமிட்டுக்கான பிட் வரிசையில் ஏழு இடங்களில் கிட் 1 போடும். பிறகு அந்தக் கோப்பைக் கேட்டால், அந்த ஏழு இடங்களைப் பார்த்தால் போதும். ஒன்றில் 0 இருந்தாலும் அந்தக் கமிட் அதைத் தொடவேயில்லை, தாண்டிப் போகலாம். ஏழும் 1 என்றால் ‘இருக்கலாம்’, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இதில் தவறான ‘இருக்கலாம்’ நூற்றுக்கு ஒன்று போல வரும். தவறான ‘இல்லை’ வரவே வராது. எனக்கு மிகவும் பிடித்தது இந்த நேர்மைதான்! 512 கோப்புகளுக்கு மேல் மாறிய கமிட்டென்றால், ‘எனக்குத் தெரியாது, ஒப்பிட்டே பார்’ என்று ஒதுங்கிவிடும்.

நேரம் நெருங்குகிறது. கிட் சர்வர் நடத்தும் நேயர்களே, இந்த வசதி தானாக இயங்காது. ‘கமிட்-கிராஃப் ரைட்’ கட்டளையோடு ‘சேஞ்ச்டு-பாத்ஸ்’ சேர்த்து நீங்கள்தான் ஓட்ட வேண்டும். பிடிக்காவிட்டால் அந்தக் கட்டளை உருவாக்கும் துணைக் கோப்பை அழித்துவிடலாம், மூல வரலாற்றுக்கு ஒரு சேதமும் இல்லை. ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.